இல்லாத கேலக்ஸியின் எடை

ஜூன் 4

ரேடியோவுக்கு,

கடைசிக் கட்டுப் படங்களும் முடிந்தன. என் பக்கத்து எண்களை எல்லாம் பூட்டி இன்று காலை அனுப்பிவிட்டேன். இனி நீ உன் பக்கத்து எண்களை எடுத்து ஒட்டிப் பார்க்கலாம். ஒரே வேலையில் ஆளுக்குப் பாதியைச் செய்துகொண்டு, யாருக்கு என்ன வந்தது என்று இத்தனை மாதமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் கிடந்து என்னைத் தூங்க விடாமல் பேசிக் கொன்றவளா இப்படி இருந்தாள் என்று உன் அண்ணனுக்கு ஆச்சரியம். ரேடியோவுக்கும் சுவிட்ச் உண்டு என்றேன்.

நேற்று அவர் லிஃப்ட் ரிப்பேர் முடிந்து கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் அப்படி என்னதான் பண்றீங்க? யாராவது கேட்டா சொல்லத் தெரிய மாட்டேங்குது" என்றார். குவாசார் என்பது ஒரு கேலக்ஸியின் நட்டநடுவில் இருக்கும் கருந்துளை; அதற்குள் விழப்போகும் வாயு சூடேறிக் கொளுத்துகிற வெளிச்சம்தான் நமக்குத் தெரிவது என்றேன். புரியவில்லை. "எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட்டைப் பார்த்தா பின்னாடி லாரி தெரியுமா? உங்க தங்கச்சி அந்த ஹெட்லைட்டை எடை போடுறா. நான் லாரியை எடை போடுறேன்" என்றதும் முகம் தெளிந்தது. "கண்ணு கூசும்போது லாரியை எப்படிப் பார்ப்பே?" என்று சரியான இடத்தில் கேட்டார். பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வெறும் விண்மீனின் படத்தை எடுத்து, குவாசாரின் மேல் வைத்துக் கழிப்பேன். குறைவாகக் கழித்தால் நடுவில் மொட்டு நிற்கும், அதிகமானால் குழி விழும், இரண்டும் இல்லாமல் வழவழவென்று வரும் இடத்தில் நிறுத்தினால் மீதி கேலக்ஸி என்றேன். மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும், கடைசி இழுப்பு என் கண். "அப்ப சோடாபுட்டிக்கு உலகத்துல ஒரு வேலை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். அந்தப் பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாவம் உன்னைச் சேரும்.

குழு மெயிலில் தும்மினால் பத்துப் பேருக்குக் கேட்கிறது. ஃபோனில் பேசினால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கூடவே உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் காகிதம். கடைசிக் கட்டுப் படங்கள் ஒவ்வொன்றும் என்னை இழுத்தடித்தன. எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்காதே. ஆபீஸில் புது ட்யூப்லைட் போட்டிருக்கிறார்கள், கண் கூசுகிறது.

உன் சோடாபுட்டி


ஜூன் 19

அண்ணி அவர்களுக்கு (மரியாதை போதுமா?),

ஒட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உன் முதல் பாதி கேலக்ஸிகளும் என் கருந்துளைகளும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. கேலக்ஸியின் நடுப்பகுதி ஆயிரம் பங்கு என்றால் கருந்துளை அதில் சில பங்கு. குவாசார் எரியாத அமைதியான கேலக்ஸிகளில் எல்லோரும் கண்ட அதே கணக்கு. அந்தப் பாதியோடு நின்றிருந்தால் ஒரு நல்ல, யாரும் படிக்காத கட்டுரை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

உன் இரண்டாம் பாதி வேறு மாதிரி. கேலக்ஸிகள் எல்லாம் தங்கள் கருந்துளைக்குப் பொருந்தாத கனம். அதிலும் போகப் போகக் கனம் கூடுகிறது. நம் குழுத் தலைவர் தலைகால் புரியாமல் குதிக்கிறார். "கேலக்ஸி முதல்ல வளருது, கருந்துளை பின்னாடி ஓடி வருது. இதைத்தானே எல்லாரும் தேடிட்டு இருக்காங்க!" என்று வராந்தாவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார். செப்டம்பர் மாநாட்டில் பேசப்போவது நீ என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. எதற்குப் பயப்படுகிறேன் என்றும் சொல்லத் தெரியவில்லை. நடுவில் கழிக்கும் விண்மீனை மாற்றினாயா? தொலைநோக்கியின் ஃபோகஸ் விலகியிருந்ததா? எந்தப் படத்தை எந்த வரிசையில் பார்த்தாய்? கோபப்படாமல் பதில் எழுது.

இன்னொன்று. உன் கடிதத்தின் வரிகள் வலது பக்கம் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா?

ரேடியோ


ஜூன் 28

ரேடியோவுக்கு,

விண்மீனை மாற்றவில்லை. ஃபோகஸ் நன்றாகவே இருந்தது. வரிசை, நீ அனுப்பிய வரிசை. ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், இதற்கு மேல் என்ன வேண்டும்?

இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் கைக்குப் பெரிதாக ஏதோ அகப்பட்டிருக்கிறது. தலைவர் ஃபோன் செய்தார். "நீங்கதான் பேசணும், வேற யாரும் இல்லை" என்றார். நீ என்னடாவென்றால் பஸ்ஸில் எழுதினாயா என்று கேட்கிறாய்.

உனக்கு எப்போதும் இதுதான் வழக்கம். பரீட்சையில் முதலில் வந்தால்கூட, திருத்தியவர் கூட்டல் போட்டது சரியா என்று போய் எண்ணிப் பார்ப்பாய். சந்தேகப்படுவது நம் தொழில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாளாவது எனக்காகச் சந்தோஷப்படக் கூடாதா?

இங்கே எல்லாம் நலம். மாடிப்படியில் ஒரு படி தவறிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். உன் அண்ணன் தைலம் தேய்த்துவிட்டுத் திட்டினார்.

சோடாபுட்டி


ஜூலை 10

அன்பானவளே,

கேலி பேசுகிற மனநிலையில் இல்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உனக்கு அனுப்பிய படங்களில் போலிகளைக் கலந்திருந்தேன். கலப்பேன் என்று உனக்கும் தெரியும். அளக்கிறவரின் கையைச் சோதிக்க இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். ஒரு விண்மீன் படத்தின் மேல் நானே எடை தெரிந்த கேலக்ஸியை வரைந்து சேர்த்து, குவாசார் என்று பெயர் போட்டு அனுப்பினேன். எவை போலி என்பது எனக்கு மட்டும் தெரியும். எல்லாம் சரியாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

திறந்தேன். ஆரம்பத்துப் போலிகளில் நீ சொன்ன எடை நான் வைத்த எடை. என்ன கண் உனக்கு என்று பெருமையாகவே இருந்தது. நடுவில் வந்தவற்றில் கொஞ்சம் கூடுதல். கடைசியில் வந்தவற்றில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

கடைசிக் கட்டில் ஒரு போலி இருக்கிறது. அதில் நான் கேலக்ஸியே வைக்கவில்லை. வெறும் விண்மீன், அதைச் சுற்றி ஒன்றும் கிடையாது. நீ அதைச் சுற்றி ஒரு கேலக்ஸி இருக்கிறது என்று எடையும் போட்டு, 'வட்டம், வழவழப்பு, சந்தேகமில்லை' என்று குறிப்பும் எழுதியிருக்கிறாய்.

இதற்கு என் புத்திக்கு எட்டிய விளக்கம் ஒன்றுதான். படத்தின் நடுப்பகுதி உனக்கு இருட்டாகத் தெரிகிறது. குழி விழுந்துவிட்டது என்று நினைத்துக் குறைவாகக் கழிக்கிறாய். கழிக்காமல் விட்ட வெளிச்சம் கேலக்ஸியின் கணக்கில் ஏறுகிறது. தூரத்தோடும் பிரகாசத்தோடும் இந்தத் தப்புக்குச் சம்பந்தமே இல்லை. நீ பார்த்த வரிசையோடு மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

உன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று ஹாஸ்டலில் என்னிடம் சொல்லியிருக்கிறாய். கண்ணைக் காட்டு. நாளைக்கே காட்டு. கேலக்ஸி எங்கும் ஓடிப்போகாது. அண்ணனிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் ரேடியோ


ஜூலை 16

படித்தேன்.

போலி செய்தவளின் கை ஏன் தவறியிருக்கக் கூடாது? உன் கருந்துளைகள் எல்லாம் உத்தமம், என் கேலக்ஸிகள் மட்டும் வியாதி பிடித்தவை, அப்படித்தானே? நீ உன் அறையில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தைப் பார்த்து எனக்கு வைத்தியம் சொல்கிறாய். எந்தப் படிப்பில் இதைக் கற்றுக் கொடுத்தார்கள்?

என் அம்மாவை இதில் இழுத்தாய் பார், அதை மன்னிக்க மாட்டேன். பார்வை போனதும் அவளுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்து வீட்டில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசினார்கள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்க உனக்கு இத்தனை அவசரமா?

உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை போனால், அன்றோடு நீ எனக்கு நாத்தனார் மட்டும்தான். சிநேகிதி இல்லை. இனி எழுதாதே.


ஜூலை 25

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நாத்தனார் என்றால் அவ்வளவு உரிமையாவது உண்டு.

நீ சொன்னதை விட்டுவிடவில்லை. போலிகள் எல்லாவற்றையும் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அளக்கச் சொன்னேன். என் கைதான் தவறியிருக்க வேண்டும், நான்தான் முட்டாளாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றேன். "ஏங்க, மூச்சு காதுல விழுது, தள்ளி நில்லுங்க" என்று விரட்டினார். எல்லாவற்றுக்கும் சரியான எடை சொன்னார். அந்த வெறும் விண்மீனைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே, என்னை ஏமாத்தறீங்களா?" என்று சிரித்தார். நான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். சும்மாதான் என்றேன். பிறகு, "உங்க அண்ணி நல்லாத்தான் இருக்கா" என்றார். நான் உன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சொன்னால் நீ எனக்கு இல்லாமல் போவாய். சொல்லாமல் மென்று விழுங்கினால் உன் கண் போகும். இரண்டுக்கும் நடுவில் தினம் விழிக்கிறேன். ஒன்றே ஒன்று செய். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார். பிறகு மற்றக் கண்ணை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரேடியோ


ஜூலை 30

ரேடியோ,

அந்தச் சோதனையை நீ சொல்லித் தர வேண்டியதில்லை. குளியலறை டைல்ஸ் கோட்டை வைத்துத் தினம் காலையில் செய்கிறேன். பனிக்காலம் முடிந்ததிலிருந்தே செய்கிறேன். உன் முதல் கேள்வி வருவதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். தெரியும் என்று வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனம். குவாசாரை எடை போடுகிறவளுக்கு இவ்வளவுதான் அறிவு.

வலது கண்ணில் நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு மங்கல். முதலில் கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது இடது கண்ணைப் பொத்தினால் உன் அண்ணனுக்குக் காது இருக்கிறது, நரைத்த தலை இருக்கிறது, சட்டைக் காலர் இருக்கிறது. முகம் இல்லை. இடது கண் இத்தனை நாளாகக் காப்பாற்றி வந்தது. போன வாரத்திலிருந்து அதிலும் டைல்ஸ் கோடு வளைகிறது. அதைப் பார்த்த அன்று குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கதவைத் தட்டினார். "சோப்பு வழுக்கிடுச்சு" என்று பொய் சொன்னேன்.

படம் பார்க்கும்போது எப்போதும் வலது கண்ணைத்தான் திரையோடு ஒட்டுவேன், சிறுவயதுப் பழக்கம். கடைசிக் கட்டில் எல்லாப் படத்திலும் குழி தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அதை மூடும்வரை கழிப்பதைக் குறைத்தேன். குழி என் கண்ணில் இருந்திருக்கிறது. நீ கேலக்ஸியே வைக்கவில்லை என்கிறாயே, அந்தக் கேலக்ஸியை நான் பார்த்தேன். பொய் எழுதவில்லை. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? இல்லாத ஒன்றை இவ்வளவு தெளிவாகப் பார்த்தவள், இருப்பது என்று இனி எதை நம்புவாள்?

டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன். தனியாகத்தான் போகப்போகிறேன். உன் அண்ணனிடம் சொல்லாதே, கெஞ்சிக் கேட்கிறேன். என்னைக் கைபிடித்து அழைத்துப் போகிற வேலையை அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. உன்னைத் திட்டியதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

சோடாபுட்டி


ஆகஸ்ட் 4

என் கண்ணே (வேறு வார்த்தை வரவில்லை, திட்டிக்கொள்),

தனியாகப் போகாதே. பார்ப்பதற்கு முன் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், திரும்பி வரும்போது உனக்கு ரோடே தெரியாது. இதைக் காரணமாகச் சொல்லியாவது அவரைக் கூப்பிடு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுப்பதுதான் அவர் தொழில். உன் கையைப் பிடிப்பது அவருக்குப் பாரமா?

தலைவரிடம் எண்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. காரணம் கேட்டார். அது நீ சொல்ல வேண்டியது என்று சொல்லிவிட்டேன்.

நான் அண்ணனிடம் சொல்லப்போவதில்லை, வாக்கு. நீ சொல்ல வேண்டும். அம்மா தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று எழுதினாய். நீயும் இப்போது யாரிடமும் பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறாய்.

எனக்கும் பயம்தான். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் உயிர் போய் வருகிறது.

ரேடியோ


ஆகஸ்ட் 20

ரேடியோவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. சொல்வது நான், எழுதுவது உன் அண்ணன். இடது கண்ணில் நேற்று ஊசி போட்டார்கள். கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல எல்லாம் கலங்கிக் கிடக்கிறது.

நீ சொன்ன சொட்டு மருந்துக் காரணத்தைத்தான் சொன்னேன். "சட்டையை மாத்திட்டு வரேன்" என்று எழுந்தார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. எதற்குக் கண் டாக்டர் என்றுகூட. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டர் என் கண்ணின் பின்பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "பவர் இவ்வளவு அதிகமா இருக்கறவங்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிசாயிடும். அங்க புதுசா ரத்தக்குழாய் முளைச்சு கசியும். வலதுல கசிஞ்சு தழும்பாயிடுச்சு. இனிமே அதுல ஒண்ணும் பண்றதுக்கில்ல. இடது இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ஊசி போட்டா நிக்கும்னு நம்பலாம்" என்றார். நம்பலாமா, நிற்குமா என்று கேட்டேன். "நம்பலாம்" என்றே திரும்பவும் சொன்னார். அவருக்கும் நம்மைப்போலத்தான், பிழை எவ்வளவு என்று சொல்லாமல் ஒரு எண்ணைக் கொடுக்க மாட்டார். பிறகு, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா வலது கண்ணையும் காப்பாத்தியிருக்கலாமே, ஏன்மா வரலை?" என்றார்.

கேட்டது என்னை. தலை குனிந்தது உன் அண்ணன்.

வராந்தாவில் வைத்துக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் டம்ளரைத் தடவியதைப் பார்த்த நாளிலிருந்து அதை மேஜையில் வைக்காமல் என் கையில் கொடுத்திருக்கிறார். படிக்கட்டில் பெரிய பல்பு மாட்டியிருக்கிறார். ரோடு கடக்கும்போது என் வலது பக்கத்துக்கு மாறியிருக்கிறார். நான் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை. "நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நான் கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்" என்றார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆளுக்கு ஒரு பயத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். நம் வேலையில் ஒருத்தி எண்ணை இன்னொருத்தி பார்க்கக் கூடாது என்பது நல்ல விதி. அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறேன். (இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் அது என் கண்ணால் இல்லை, அவர் கண்ணால்.)

தலைவருக்கு நானே ஃபோன் செய்தேன். மாநாட்டில் நான்தான் பேசுவேன், ஆனால் முதல் பாதியை மட்டும். இரண்டாம் பாதியை அளந்தது நோய் பிடித்த கண் என்று மேடையில் நானே சொல்வேன் என்றேன். "அதைச் சொல்லணுமா?" என்றார். சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் என் கனமான கேலக்ஸிகளை நம்பி வருடக்கணக்கில் அலைவார். மீதி இருப்பதில் கருந்துளையும் கேலக்ஸியும் எல்லோரும் கண்ட அதே பங்கில்தான் நிற்கின்றன. இதைக் கேட்க யார் வருவார்கள் என்று தெரியவில்லை. விட்ட இரண்டாம் பாதியை நீ அந்த மேஜைக்காரரை வைத்து மறுபடி அளந்துவிடு. மூச்சு விடாமல் தள்ளி நின்றுகொள்.

அடுத்த ஊசி அடுத்த மாதம். ஊசி வலிக்கவில்லை, அது கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டே அசையாமல் கிடக்க வேண்டும், அதுதான். நீ லீவு போட்டுக்கொண்டு வா. எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அண்ணனுக்கும் பயமாக இருக்கிறது. இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அதைத் தேடி எடுத்து மறுபடியும் அவர் கையில் திணித்திருக்கிறேன். எழுதினாரா, சும்மா பேனாவை ஆட்டினாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை. நீ படித்துப் பார்த்துச் சொல்.

சோடாபுட்டி